பழைய லேத்துக்கு எந்த மோட்டார்?

பழைய லேத் ஒன்றை ஏலத்திலோ இரும்புக் கடையிலோ பிடித்து வந்தவர், துருவைச் சுரண்டி முடிப்பதற்குள் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: ‘இதுக்கு எத்தனை ஹெச்.பி. மோட்டார் போடலாம்?’ கடைக்காரரும் தயங்காமல் ஒன்றைக் காட்டுவார். பெரும்பாலும் அது ஒரு ஹெச்.பி.யாக இருக்கும். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று இழுத்தால் ஒன்றரை ஆகிவிடும். கேள்வியே தலைகீழாக இருக்கிறது என்பது என் கட்சி. ஸ்பிண்டிலில் தொடங்கிப் பின்னால் வர வேண்டும். அதைத் தாங்கும் பேரிங் என்ன, அதைச் சுற்றும் பெல்ட் என்ன, சக் எப்படி மாட்டியிருக்கிறது, பட்டறைக்கு வரும் மின்சாரம் சிங்கிள் ஃபேஸா மூன்று ஃபேஸா? இவ்வளவும் தெரிந்தால் ஹெச்.பி. கடைசியில் வந்து உட்காரும். அநேகமாக, நினைத்ததைவிடச் சின்னதாகத்தான் இருக்கும்.

மின்சாரம் பரவுவதற்கு முன்பு சிறு லேத்துகளைக் காலால் மிதித்தே ஓட்டினார்கள். இங்கிலாந்தில் கில்ஃபோர்டைச் சேர்ந்த டிரம்மண்ட் லேத்துகள் பல அப்படி மிதிபலகையோடு வந்தவை. உடம்பு திடமாக உள்ள ஒருவர் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடியது சுமார் 75 வாட், அதாவது ஒரு ஹெச்.பி.யில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு சிறு நீராவி எஞ்சின்களின் சிலிண்டர்களையே கடைந்திருக்கிறார்கள். தொழிற்சாலைகளில் கூரையை ஒட்டி ஓடிய ஒரே லைன் ஷாஃப்டிலிருந்து தோல் பெல்ட் இறங்கி வந்து ஒவ்வொரு லேத்தையும் சுற்றியது. தனி மோட்டார் பின்னால் வந்த பழக்கம். 1906-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் தொடங்கிய சவுத் பெண்ட் நிறுவனத்தின் 9 அங்குல லேத்துக்கும், 1946-ல் நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனிலிருந்து மைஃபோர்டு கொண்டுவந்த எம்.எல்.7-க்கும் கால் ஹெச்.பி. முதல் அரை ஹெச்.பி. வரையிலான மோட்டார்தான் வழக்கம். இந்த இரண்டும் உலகெங்கும் இன்னும் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அதனால் இந்தக் கட்டுரைக்கு இவற்றையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

அரை ஹெச்.பி. போதுமா என்று சந்தேகப்படுபவர்கள் ஒரு வெட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மைல்ட் ஸ்டீல் ஜாபில் 1 மி.மீ. ஆழம், ஒரு சுற்றுக்கு 0.1 மி.மீ. ஃபீட், நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம். டூல் முனையில் விழும் விசை சுமார் 250 நியூட்டன். அதற்கு வேண்டிய திறன் சுமார் 105 வாட். பெல்ட், பேரிங், கியர் எல்லாம் தின்பதையும் சேர்த்தால் மோட்டார் 150 வாட் தந்தால் போதும். அரை ஹெச்.பி. என்பது 373 வாட். ஆழத்தையும் ஃபீடையும் இரண்டிரண்டு மடங்காக ஏற்றினால் கணக்கு 600 வாட்டுக்குப் போகும், உண்மைதான். ஆனால் அந்த வெட்டில் மோட்டார் திணறுவதற்கு முன்பே சிறு லேத்தின் டூல் போஸ்ட் நடுங்கத் தொடங்கி, ஜாபில் ‘சேட்டர்’ விழுந்துவிடும்.

பெரிய மோட்டாரின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சவுத் பெண்டின் தட்டை பெல்ட் ஓரங்குல அகலம்தான். பார்டிங் டூல் ஜாபுக்குள் சிக்கிக்கொள்ளும் நொடியில் அந்த பெல்ட் கீச்சென்று வழுக்கும், ஸ்பிண்டில் நிற்கும், டர்னர் சுவிட்சை அணைத்துவிட்டு டூலைப் பின்னால் இழுத்துக்கொள்வார். யாருக்கும் சேதமில்லை. அந்த வழுக்கலைக் குறை என்று நினைத்து, இறுக்கமான வி-பெல்ட்டும் ஒன்றரை ஹெச்.பி. மோட்டாரும் பொருத்தினால், அதே நொடியில் ஏதாவது ஒன்று உடைந்தாக வேண்டும். டூல் உடைந்தால் அதிர்ஷ்டம். பேக் கியரின் பல் போனால், அந்த மாடலுக்கு உதிரிப் பாகம் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டும். பழைய லேத்தின் உச்சவரம்பு அதன் பெல்ட் வழுக்கும் இடம்தான். மோட்டாரின் அளவை அதற்கு மேல் ஏற்றுவதில் எந்த லாபமும் இல்லை.

அடுத்தது வேகம். இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகத்தை மின்சாரத்தின் அதிர்வெண்ணும் போல் எண்ணிக்கையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நம் 50 ஹெர்ட்ஸில் நான்கு போல் மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும். சுமை ஏறும்போது ரோட்டார் 1,425 முதல் 1,440 வரை சுற்றும். இரண்டு போல் என்றால் 2,850-க்கு மேல். எம்.எல்.7-இன் ஆறு வேகங்களான 35, 62, 110, 200, 357, 640 எல்லாமே 1,425-ஐ மனத்தில் வைத்துப் புல்லி கணக்கிட்டவை. விலை குறைவென்று இரண்டு போல் மோட்டாரை வாங்கி அதே புல்லியை மாட்டினால் மேல் வேகம் 1,280 ஆகிவிடும். எம்.எல்.7-இல் ஸ்பிண்டில் ஓடுவது ஒயிட் மெட்டல் பேரிங்கில். அந்த வேகத்துக்கு அதைச் செய்யவில்லை. மோட்டார் புல்லியைப் பாதியாக்கினால் சரியாகிவிடுமே என்று தோன்றும். அவ்வளவு சின்ன புல்லியில் பெல்ட் மடங்கி மடங்கிச் சூடேறிச் சீக்கிரம் வெடித்துவிடும். பெயர்ப்பலகையில் 1,400-க்குப் பக்கத்தில் எண் இல்லாத மோட்டாரைத் தொடாமல் வந்துவிடுவது நல்லது.

அமெரிக்காவிலிருந்து வந்த சவுத் பெண்டில் அசல் மோட்டாரே இருந்தால் இன்னொரு சிக்கல். அது 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 1,725 சுற்று. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம்; ஹெர்ட்ஸை அது மாற்றாது. 60-க்குச் செய்த இரும்பு 50-இல் காந்தச் செறிவு மிஞ்சிச் சூடேறும். புது 1,425 மோட்டார் போட்டால் எல்லா வேகங்களும் ஆறில் ஒரு பங்கு குறையும். மோட்டார் புல்லியின் விட்டத்தை 1.2 மடங்கு ஆக்கினால் பழைய வேகம் திரும்பிவிடும். நிதானமாக வேலை செய்பவர்கள் அதைக்கூட மாற்றுவதில்லை.

இனி மோட்டாரின் வகை. வீட்டு மின்சாரத்தில் ஓட்டுபவருக்கு முதலில் கண்ணில் படுவது சிங்கிள் ஃபேஸ். ஒற்றை ஃபேஸ் காந்தப்புலத்தைச் சுழற்றாது, முன்னும் பின்னும் துடிக்க மட்டும் செய்யும். அதனால் அது தானாகக் கிளம்பாது. துணைக்கு ஒரு ஸ்டார்ட்டிங் காயில் வேண்டும். அந்தக் காயிலுக்கு எப்படி மின்சாரம் கொடுக்கிறார்கள் என்பதில்தான் ரகங்கள் பிரிகின்றன. கன்டென்சர் இல்லாத ஸ்பிளிட் ஃபேஸ் மோட்டார் கிளம்பும்போது ஆறேழு மடங்கு கரண்ட்டை இழுக்கும். வீட்டு விளக்குகள் ஒருமுறை மங்கும். கன்டென்சரை எப்போதும் சர்க்யூட்டிலேயே வைத்திருக்கும் ரகம் சத்தமில்லாமல் ஓடும். ஆனால் கிளம்பும் முறுக்கு விசை குறைவு. காற்றாடிக்கு அது சரி. குளிர்ந்த எண்ணெயில் கெட்டியாகக் கிடக்கும் ஹெட்ஸ்டாக்கையும் கனமான சக்கையும் அது அசைப்பதற்குள் நமக்கு வியர்த்துவிடும். லேத்துக்கு ஏற்றது கன்டென்சர் ஸ்டார்ட் ரகம். இயல்பைவிட இரண்டு மூன்று மடங்கு விசையோடு கிளம்பி, முழு வேகத்தில் முக்கால் பங்கை எட்டியதும் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் ‘டிக்’ என்று ஸ்டார்ட்டிங் காயிலை வெட்டிவிடும்.

இதிலும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட் கன்டென்சர்கள் மணிக்குச் சுமார் இருபது ஸ்டார்ட்டுக்குச் செய்யப்பட்டவை. கிளட்ச் இல்லாத லேத்தில் ஒவ்வொரு அளவெடுப்புக்கும் மோட்டாரை நிறுத்திக் கிளப்ப வேண்டும். மும்முரமான வேலையில் இருபது என்பது கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கன்டென்சர் உப்பி வெடிப்பது அப்படித்தான். ரிவர்ஸ் தேவைப்பட்டால் ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனைகளும் வெளியே வந்திருக்க வேண்டும். மூன்று ஒயர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் மோட்டாரைப் பிரிக்காமல் திசை மாற்ற முடியாது.

சிங்கிள் ஃபேஸின் மெய்யான குறை ஃபினிஷில் தெரியும். அதன் முறுக்கு விசை ஒரே சீராக வருவதில்லை, விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. அந்தத் துடிப்பு மோட்டார் உடம்பு வழியாகவும் பெல்ட் வழியாகவும் ஜாபுக்கு வந்து சேரும். ஃபேசிங் செய்த அலுமினியத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், நடுவிலிருந்து விளிம்புக்கு விசிறி மடிப்பாக மங்கலான வரிகள் ஓடுவது தெரியும். அவற்றை எண்ணிப் பார்க்கலாம். ஸ்பிண்டில் 357-இல் ஓடியது என்றால் விநாடிக்கு ஏறக்குறைய ஆறு சுற்று. நூறை ஆறால் வகுத்தால் சுமார் பதினேழு. தட்டில் பதினாறு, பதினேழு வரி இருந்தால் குற்றவாளி மோட்டார்தான். வேகத்தை 640-க்கு மாற்றும்போது வரிகள் ஒன்பது, பத்தாகக் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். எண்ணிக்கை மாறவில்லை என்றால் கியரையோ பேரிங்கையோ பார்க்க வேண்டும். இதை மைஃபோர்டு அறிந்தே இருந்தது. தன் லேத்துகளுக்கு ரப்பர் வளையங்களில் தொங்கும் ‘ரெசிலியன்ட் மவுண்ட்’ மோட்டாரையே அது பரிந்துரைத்தது. இன்று பலர் அந்த ரப்பர் நைந்த பழைய மோட்டாரை எறிந்துவிட்டு, நேரடியாக போல்ட் முடுக்கும் மோட்டாரைப் போடுகிறார்கள். பிறகு, ‘புது மோட்டார் போட்டதிலிருந்து ஃபினிஷ் வரலையே’ என்று டூலை மாற்றி மாற்றித் தீட்டுகிறார்கள்.

மூன்று ஃபேஸ் மோட்டாரில் இந்தத் துடிப்பு கிடையாது. ஸ்டார்ட்டிங் காயில், சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச், கன்டென்சர் எதுவும் இல்லாததால் கெட்டுப்போக அதில் பேரிங்கைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு ஒயரை மாற்றினால் ரிவர்ஸ். பட்டறைக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் யோசிக்கவே வேண்டாம்: 0.37 கிலோவாட், நான்கு போல், முழுக்க மூடி வெளியே விசிறி வைத்த மோட்டார். மூடியிருப்பது முக்கியம். வார்ப்பிரும்பு கடையும்போது பறக்கும் கரும்பொடி மின்சாரத்தைக் கடத்தும். திறந்த மோட்டாரின் காயிலுக்குள் அது படிந்தால் ஆயுள் அவ்வளவுதான்.

சிங்கிள் ஃபேஸ் மட்டும் உள்ளவர் மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்ட ஒரு நாட்டு வழி உண்டு. மூன்று ஃபேஸும் வராத நேரத்தில் கன்டென்சர் வைத்து பம்ப்செட்டை ஓட்டுவது நம் விவசாயிகளுக்குப் பழகிய வித்தை. லேத்திலும் அது ஓடும். ஆனால் மோட்டாரின் திறனில் மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். பம்ப்பில் சுமை ஒரே அளவாக நிற்பதால் அதற்கேற்ற கன்டென்சரைத் தேர்ந்தெடுத்துவிடலாம். லேத்தில் சுமை நொடிக்கு நொடி மாறுகிறது. ஒரு சுமைக்குச் சரியான கன்டென்சர் அடுத்ததற்குத் தப்பாகி, மூன்று காயில்களிலும் கரண்ட் ஏற்றத்தாழ்வாக ஓடிச் சூடேற்றும்.

அதனால்தான் இப்போது பலரும் டிரைவுக்கு, அதாவது வி.எஃப்.டி.க்கு, வந்திருக்கிறார்கள். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை வாங்கி, அதிர்வெண்ணை மாற்றக்கூடிய மூன்று ஃபேஸாகத் தருகிறது அந்தச் சிறு பெட்டி. மெதுவாகக் கிளப்பும், மெதுவாக நிறுத்தும், குமிழைத் திருப்பினால் வேகம் மாறும். என் ஓட்டும் இதற்குத்தான். ஆனால் இதை வாங்கியவர்கள் சறுக்கும் இடங்களும் இங்கேதான் அதிகம்.

முதல் சறுக்கல் வோல்டேஜ். 230 வோல்ட் வாங்கும் சாதாரண டிரைவ் 230-க்கு மேல் தராது. நம் ஊர்ச் சிறு மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டப்பட்டவை. அதையே டெல்டாவுக்கு மாற்றினால் 240 வோல்ட் மோட்டார் ஆகிவிடும். டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு திருகுகள் இரண்டு வரிசையில் இருக்கும். ஒரு வரிசையின் மூன்றையும் சேர்த்துத் தகடு போட்டிருந்தால் ஸ்டார். தகடுகளைக் கழற்றி மேலும் கீழுமாக மூன்று ஜோடிகளாக மாட்டினால் டெல்டா. சில மோட்டார்களில் மூன்று ஒயர்தான் வெளியே வரும். ஸ்டார் முடிச்சு உள்ளே, காயிலின் தலைப்பகுதியில் நூல் கட்டுக்கும் வார்னிஷுக்கும் அடியில் புதைந்திருக்கும். காயில் கட்டுபவர் அதைத் தேடி அறுத்து, மூன்று ஒயருக்கும் ஸ்லீவ் போட்டு வெளியே இழுத்துத் தருவார். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் செய்யக்கூடியதே. இரண்டு வேக மோட்டார் உள்ள லேத்துகளில், உதாரணத்துக்கு கோல்செஸ்டர் பாண்டமில், இந்த வித்தை பலிக்காது. அதன் காயில் கட்டே வேறு மாதிரி. அங்கே மோட்டாரையே மாற்றுவதுதான் சுலபம்.

இரண்டாவது சறுக்கல் பெரியது. ‘டிரைவ் வந்தாச்சு, இனி பேக் கியர் எதுக்கு?’ என்பார்கள். அதிர்வெண்ணைக் குறைக்கும்போது மோட்டாரின் முறுக்கு விசை அப்படியே இருக்கும், ஏறாது. திறனோ வேகத்தோடு சேர்ந்து இறங்கும். மூன்றில் ஒரு பங்கு ஹெச்.பி. மோட்டார் எம்.எல்.7-இன் பேக் கியர் வழியாக 35 சுற்றில் ஸ்பிண்டிலுக்குத் தருவது, இழப்புகளை விட்டுவிட்டால், சுமார் 68 நியூட்டன் மீட்டர். பேக் கியர் இல்லாமல் 200 வேகப் புல்லியில் வைத்து டிரைவால் 35-க்கு இறக்கினால் கிடைப்பது 12 மட்டுமே. 100 மி.மீ. விட்டமுள்ள ஜாபின் விளிம்பில் அது 240 நியூட்டன் விசை. முதலில் பார்த்த அந்த எளிய வெட்டுக்கே 250 வேண்டும். லேத் நின்றுவிடும். கூடவே, அந்த வேகத்தில் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் காற்று வராது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டாமல் புல்லியை மாற்றிக்கொள்வதே முறை. பெல்ட்டையும் பேக் கியரையும் வைத்துக்கொண்டு, இரண்டு வேகங்களுக்கு இடையில் உள்ளதை மட்டும் டிரைவிடம் விட வேண்டும்.

மூன்றாவது, டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் எந்த சுவிட்சும் கூடாது. பழைய லேத்தின் டிரம் சுவிட்ச் அழகாக இருக்கிறதென்று அதே இடத்தில் விட்டுவைத்து, ஓடும்போது திருப்பினால் டிரைவ் புகைந்துவிடும். அந்த சுவிட்சைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. டிரைவின் கன்ட்ரோல் முனைகளுக்கு ஒயர் கொடுத்தால் அதே கைப்பிடி, அதே திசையில், பத்திரமாக வேலை செய்யும்.

டிரெட்மில் மோட்டாரை மாட்டுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலகையில் இரண்டரை ஹெச்.பி. என்று இருக்கும், அது பல ஆயிரம் சுற்று வேகத்தில், ‘டிரெட்மில் டியூட்டி’ என்ற விநோதமான அளவையில் சொல்லும் எண். லேத்துக்கு வேண்டிய வேகத்தில் அதில் நாலில் ஒரு பங்குகூட மிஞ்சாது. உடம்பும் திறந்தது, இரும்புச் சுருள் உள்ளே போகும். இதைவிட யோசிக்கத் தக்கது தையல் மெஷின்களின் சர்வோ மோட்டார். கார்மென்ட் தொழிலில் பழைய கிளட்ச் மோட்டார்களின் இடத்தைப் பிடித்துவிட்ட இது 550 வாட், 750 வாட் அளவுகளில் கிடைக்கிறது. மிகச் சிறிய லேத்துக்குப் பரவாயில்லை. மிதி கட்டுப்பாட்டைக் குமிழாக மாற்றும் வேலை தனி.

இந்தக் கட்டுரையின் போக்குக்கு அடங்காத லேத் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மோனார்க் நிறுவனம் 1939 முதல் செய்த 10இஇ. அதன் டி.சி. மோட்டார் வெறும் 3 ஹெச்.பி.யாகத் தொடங்கியது. ஃபீல்டைப் பலவீனமாக்கி வேகத்தை ஏற்றும் முறையால், அகலமான வேக எல்லை முழுக்க அது அந்தத் திறனைக் காப்பாற்றியது. அதை ஏ.சி. மோட்டாரும் டிரைவுமாக மாற்றுபவர்கள் ஈடுகட்ட ஏழரை ஹெச்.பி.யும் அதற்கு மேலும் போடுகிறார்கள். அப்படிப்பட்ட லேத்தில் பழைய மின் அமைப்பைப் பழுதுபார்ப்பதே மேல்.

பழுதுபார்ப்பது என்ற வழி சாதாரண லேத்துகளுக்கும் திறந்தே இருக்கிறது. நம் ஊரில் அது மலிவும்கூட. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து மோட்டார் செய்த கோயம்புத்தூரில் மட்டுமல்ல, பஸ் நிலையம் உள்ள எந்த ஊரிலும் காயில் கட்டும் கடை இருக்கிறது. பழைய மோட்டாரின் ஒயர்களில் ரப்பர் உறை விரல் பட்டதும் உதிரும். 500 வோல்ட் மெக்கரில் ஒரு மெகோமுக்குக் கீழே காட்டினால் ஓட்டக் கூடாது. ஆனால் இரும்பு கெடவில்லை. புது எனாமல் ஒயரில் காயில் கட்டி, இரண்டு பேரிங் மாற்றினால், அசல் பேஸ், அசல் புல்லி, அசல் ரப்பர் மவுண்ட் எல்லாம் அப்படியே பொருந்தும்.

இந்தப் பொருத்தத்தின் மதிப்பு புது மோட்டார் வாங்கியவருக்குத்தான் தெரியும். அமெரிக்காவின் 56 ஃபிரேம் மோட்டாரில் ஷாஃப்ட் ஐந்தெட்டாம் அங்குலம், அதாவது 15.875 மி.மீ. இன்றைய 0.37 கிலோவாட் மோட்டார் 71 ஃபிரேமில் வரும். ஷாஃப்ட் 14 மி.மீ. அடுத்த 80 ஃபிரேமில் 19. பழைய புல்லிக்கும் 14-க்கும் நடுவில் ஒரு மி.மீ.கூடத் தடிமனில்லாத புஷ் கடைய வேண்டும். கீவேயை வேறு அதில் வெட்ட வேண்டும். 19 என்றால் புல்லியை போர் செய்துவிடலாம், கீவேக்கு மேலே சதை மிஞ்சினால். இதையெல்லாம் கடைய வேண்டிய லேத்துக்குத்தான் மோட்டார் இல்லை. பக்கத்துப் பட்டறைக்காரரிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த மோட்டாரானாலும் வெறும் சுவிட்ச் போதாது. மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும் லேத் தானாகக் கிளம்பினால், சக்கில் கை வைத்திருப்பவர் கதி என்ன? நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் கட்டாயம். டிரைவிலும் மின்சாரம் வந்ததும் தானே ஓடும் அமைப்பை அணைத்துவைக்க வேண்டும். எம்.எல்.7, சவுத் பெண்ட் இரண்டிலும் சக் மரையில் முடுக்கியிருப்பது. சடாரென்று ரிவர்ஸ் கொடுத்தாலோ, டிரைவின் பிரேக் நேரத்தை ஒரு விநாடிக்குச் சுருக்கினாலோ, பல கிலோ எடையுள்ள சக் மரை கழன்று பெட் மேல் குதிக்கும். நிற்க நான்கைந்து விநாடி கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

முதல் ஓட்டத்தில் சுமையை அறிய கிளாம்ப் மீட்டரை நம்புபவர்கள் சிங்கிள் ஃபேஸில் ஏமாறுவார்கள். சுமையே இல்லாதபோதும் அந்த மோட்டார் முழுச் சுமைக் கரண்ட்டில் பெரும்பகுதியை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். பெல்ட்டைக் கழற்றிப் பத்து நிமிடம், மாட்டி அரை மணி நேரம் ஓட்டி, மோட்டார் உடம்பையும் ஹெட்ஸ்டாக்கின் முன் பேரிங்கையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பெல்ட் இல்லாமலே மோட்டார் கொதித்தால் காயிலில் கோளாறு. பெல்ட் மாட்டிய பிறகு பேரிங் சுட்டால் பெல்ட் இறுக்கம் கூடுதல், அல்லது எண்ணெய்க் குப்பியின் சொட்டு போதவில்லை.